பிரபுவும் இடையரும் ஏறிய மலை

ஸ்பெயின் என்றால் நம்மில் பலருக்குக் காளைச் சண்டையும் கால்பந்தும்தான் நினைவுக்கு வரும். வெயில் கொளுத்துகிற நாடு என்று ஓர் எண்ணம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மாட்ரிட்டில் வேலை பார்க்கும் மகள், "அப்பா, ஸ்வெட்டரும் குடையும் எடுத்து வாங்க" என்று போனில் சொன்னபோது நான் நம்பவில்லை.

அவள் அழைத்துப் போனது நாட்டின் வடகோடியில் உள்ள அஸ்தூரியாஸ் பகுதிக்கு. அங்கே எப்போது பார்த்தாலும் மழை, பச்சைப் புல்வெளி, கழுத்தில் மணி கட்டிய பசுக்கள். கடலிலிருந்து முப்பது கிலோமீட்டர் கூடப் போக வேண்டாம், 2,600 மீட்டர் உயரச் சுண்ணாம்புக்கல் மலைகள் சுவர் மாதிரி எழுந்து நிற்கின்றன. பீகோஸ் தே யூரோப்பா, அதாவது ஐரோப்பாவின் சிகரங்கள், என்று பெயர். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த மாலுமிகளுக்கு முதலில் கண்ணில் பட்ட ஐரோப்பிய மண் இதுதான், அதனால் வந்த பெயர் என்று சொல்கிறார்கள்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நாம் 'வியூ பாயிண்ட்' என்பதை அங்கே 'மிராதோர்' என்கிறார்கள். சாலையில் பத்து நிமிடத்துக்கு ஒரு மிராதோர் வருகிறது. ஃபீத்து என்ற இடத்தில் 1927லேயே கான்கிரீட்டில் ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் திரும்பினால் கடல், மறுபக்கம் திரும்பினால் சிகரங்கள். எல்லோரும் போல நாங்களும் படம் எடுத்துக்கொண்டோம். ஆனால் ஐந்து நாள் சுற்றியதில் காட்சியை விட, அந்தக் காட்சிக்குள் வாழ்ந்தவர்களின் கதைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

கோவதோங்கா என்ற இடத்தில் ஒரு குகைக்கோயில் உண்டு. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாயோ என்பவர் இந்த மலையில் ஒளிந்திருந்து மூர்களின் படையைத் தோற்கடித்தார். 722 என்று பொதுவாகச் சொல்லும் அந்தச் சண்டையைத்தான் ஸ்பானியர்கள் தங்கள் நாட்டின் பிறப்பாகப் பள்ளிப் புத்தகத்தில் படிக்கிறார்கள். அரேபிய வரலாற்றாசிரியர்கள் அதற்கு அவ்வளவு இடம் தரவில்லை. ஜெயித்தவர்கள் எழுதுவதும் தோற்றவர்கள் எழுதுவதும் எங்கே ஒன்றாக இருந்திருக்கிறது?

பெலாயோ காலத்தின் 1,200ஆவது ஆண்டு என்று கொண்டாடிய 1918ல், ஜூலை 22ஆம் தேதி, இந்த மலைப்பகுதி ஸ்பெயினின் முதல் தேசியப் பூங்காவானது. அதற்குப் பின்னால் இருந்தவர் பெத்ரோ பிதால். வியாவிசியோசா தே அஸ்தூரியாஸின் பிரபு, செனட்டர், அரசர் பதின்மூன்றாம் அல்ஃபோன்ஸோவுக்கு வேட்டைத் தோழர். காட்டைக் காப்பாற்ற முன்வந்தவர் ஒரு வேட்டைக்காரர் என்பது நமக்குப் புதிதல்ல, ஜிம் கார்பெட்டைத் தெரிந்தவர்கள்தானே நாம். 1916ல் தேசியப் பூங்காச் சட்டம் வரக் காரணமாக இருந்தவரும் இவரே. ஐரோப்பாவில் அப்போது ஸ்வீடன், சுவிட்சர்லாந்து போன்ற ஒரு சில நாடுகளில்தான் இப்படிப்பட்ட பூங்காக்கள் இருந்தன.

அதற்கெல்லாம் முன்பே பிதால் வேறு ஒரு காரியத்தால் பெயர் வாங்கியிருந்தார். இந்த மலைகளில் தனியாக ஒரு பல் மாதிரி நிற்கும் பாறைச் சிகரம் ஒன்று இருக்கிறது. வரைபடத்தில் நாரன்ஹோ தே புல்னெஸ். உள்ளூர்க்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அது உர்ரியேயு. 2,519 மீட்டர். உயரத்தில் இதை விடப் பெரிய சிகரங்கள் உண்டு, ஆனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் செங்குத்து. அதுவரை யாரும் ஏறியதில்லை. வெளிநாட்டுக்காரன் ஒருவன் முதலில் ஏறிக் கொடி நட்டுவிட்டால் ஸ்பெயினுக்கு அவமானம் என்று பிதாலுக்குப் பட்டது. அவருக்குத் துணை தேவைப்பட்டது. கிடைத்தவர் கயீன் என்ற சிற்றூரைச் சேர்ந்த கிரெகோரியோ பெரெஸ். ஆடு மேய்ப்பவர், மலையாடு வேட்டையாடுபவர். ஊர்ப்பெயரை வைத்து அவரை 'எல் கைநேஹோ' என்பார்கள், கயீன்காரர் என்று பொருள்.

1904 ஆகஸ்ட் 5. இருவரும் வடக்கு முகத்தில் ஏறினார்கள். முன்னால் போனவர் பிரபு அல்ல, இடையர். அதுவும் வெறுங்காலோடு! பாறை இடுக்கில் கால் விரலை நுழைத்து அவர் மேலே போய்க் கயிறு போட, பிதால் பின்னால் ஏறினார். இன்று நவீனக் கருவிகளோடு அந்தப் பாறைக்குப் போகிறவர்கள் கூட இதைக் கேட்டால் தலையை ஆட்டுகிறார்கள். பிதால் பயந்த வெளிநாட்டுக்காரரும் இரண்டே ஆண்டில் வந்துவிட்டார். 1906ல் குஸ்தாவ் ஷுல்ட்ஸே என்ற ஜெர்மானிய நிலவியலாளர் தன்னந்தனியாக ஏறி இறங்கினார்.

பிதால் 1941ல் இறந்தார். தன்னை இந்த மலையில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. 1949ல் அவருடைய எலும்புகளை ஒர்தியாலெஸ் என்ற மிராதோருக்குக் கொண்டு போய்ப் பாறையில் வைத்தார்கள். சுமார் 1,690 மீட்டர் உயரத்தில், காலடியில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் பள்ளம் விழுகிற விளிம்பு அது. அங்கே சாலை கிடையாது, பல மணி நேரம் நடந்துதான் போக வேண்டும். என் முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. மகளும் மருமகனும் போய் வந்து படம் காட்டினார்கள். ஒரு நாட்டின் மிக அழகான வியூ பாயிண்ட்டுகளில் ஒன்று ஒரு மனிதரின் கல்லறையாகவும் இருப்பது எனக்கு விநோதமாகத்தான் பட்டது. முன்னால் ஏறிய கிரெகோரியோவுக்கு அப்படி ஒரு விளிம்பு கிடைக்கவில்லை. ஒரு நியாயம் மட்டும் நடந்திருக்கிறது. அந்த வடக்கு முகப் பாதையை மலையேறிகள் இன்றும் 'பிதால்-கைநேஹோ' என்று இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

கோவதோங்காவுக்கு மேலே எனோல், எர்சீனா என்று இரண்டு ஏரிகள். பனியாறுகள் குடைந்த பள்ளத்தில் தேங்கிய நீர். கோடையில் சொந்தக் காரை விட மாட்டார்கள், கீழிருந்து பஸ்ஸில்தான் போக வேண்டும். நாங்கள் போன அன்று மூடுபனி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பசுவின் மணிச்சத்தம் மட்டும் கேட்டது. மூடுபனி விலகும் வரை காத்திருந்த நேரத்தில்தான் பக்கத்தில் இருந்த புஃபெர்ரேரா சுரங்கத்தைப் பார்த்தோம். இரும்பும் மாங்கனீசும் எடுத்த இடம். ஆங்கிலேயக் கம்பெனி ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்து தோண்டியிருக்கிறது. தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகும் சுரங்கம் மூடவில்லை. 1979 வரை நடந்திருக்கிறது! அரசாங்கங்கள் எங்கும் ஒரே மாதிரிதான்.

மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது காரெஸ் பள்ளத்தாக்கு. பொன்செபோஸிலிருந்து கயீன் வரை சுமார் 12 கிலோமீட்டர், செங்குத்துப் பாறையில் வெட்டிய ஒற்றையடிப் பாதை. கீழே ஆறு நூல் மாதிரி தெரிகிறது. சுற்றுலாப் பயணிகள் இதைத் தெய்வீகப் பள்ளத்தாக்கு என்கிறார்கள். பாதையை ஒட்டியே ஒரு வாய்க்கால் ஓடுவதைப் பலர் கவனிப்பதில்லை. கயீனில் ஆற்று நீரைத் திருப்பி, அதிகச் சரிவில்லாமல் மலையோரமாகவே கொண்டு வந்து, பொன்செபோஸுக்கு மேலே வந்ததும் குழாயில் இறக்கி டர்பைனைச் சுற்றுகிறார்கள். ஆறு கீழே இறங்கிக்கொண்டே போகிறது, வாய்க்கால் இறங்குவதில்லை. அந்த உயர வித்தியாசம்தான் மின்சாரம். 1915ல் தொடங்கி 1921ல் முடித்த வேலை. கயிற்றில் தொங்கிக்கொண்டு வெடி வைத்த தொழிலாளர்களில் உயிரை விட்டவர்களும் உண்டு. இப்போது நாம் நடக்கும் பாதை, வாய்க்காலைப் பராமரிக்கும் ஆட்கள் பனிக்காலத்திலும் போய்வருவதற்காக 1940களின் இரண்டாம் பாதியில் வெட்டியது. யாரும் காட்சி பார்ப்பதற்காக அதைப் போடவில்லை. நான் இரண்டு கிலோமீட்டர் மட்டும் நடந்து, வாய்க்கால் நீரில் கை நனைத்துத் திரும்பினேன். ஐஸ்.

அதே பொன்செபோஸில் இன்னொரு சங்கதி. மலைக்குள் ஒளிந்திருக்கும் புல்னெஸ் என்ற கிராமத்துக்கு 2001 வரை நடைபாதை மட்டும்தான். நோயாளி, கர்ப்பிணி, அரிசி பருப்பு மாதிரிச் சாமான் எல்லாமே ஆள் தோளிலோ கழுதை முதுகிலோதான். சாலை போட்டால் மலை கெடும் என்றார்கள் ஒரு சாரார். எங்களுக்கு வழி வேண்டாமா என்றார்கள் ஊர்க்காரர்கள். கடைசியில் பாறைக்குள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் குடைந்து, கம்பி இழுத்து ஓடும் ரயில் ஒன்றை விட்டார்கள். ஏழெட்டு நிமிடத்தில் 400 மீட்டர் மேலே. ஊர்க்காரர்களுக்கு இலவசம், எங்களைப் போன்றவர்களிடம் நல்ல கட்டணம். எனக்கு அந்த ஏற்பாடு நியாயமாகவே பட்டது.

ஆனால் வழி வந்தபோது ஊரில் இருந்தவர்கள் மிகச் சிலர். மேலே இறங்கியதும் தெரிந்தது, பெரும்பாலான வீடுகள் சாப்பாட்டுக்கடையும் தங்கும் விடுதியும்தான். கோடையில் உயர்ந்த மேய்ச்சல் வெளிகளில் குடிசை போட்டுத் தங்கிப் பாலாடைக்கட்டி செய்யும் இடையர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். குகைக்குள் வைத்துப் பதப்படுத்தும் கப்ராலெஸ், ஏரிகளின் பக்கம் செய்யும் கமொனேவு, இரண்டும் அவர்கள் கைவேலை. கப்ராலெஸில் நீலப் பூஞ்சை ஓடியிருக்கும், வாசனை நமக்கு ஆகாது. நான் ரொட்டியில் தடவித் தின்றுவிட்டேன், மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

கடைக்கார அம்மாள் மகளிடம் பேசிக்கொண்டிருந்தார், அவள் எனக்கு மொழிபெயர்த்தாள். ஆடும் மாடும் மேய்வதால்தான் அந்த வெளிகள் புல்லாக இருக்கின்றனவாம். மேய்ச்சல் நின்ற இடங்களில் சில வருடத்தில் முட்புதர் மண்டிவிடுகிறதாம். ஓநாய்த் தொல்லை வேறு. பூங்காவுக்குள் ஓநாய் இருப்பது நல்லது என்பவர்கள் மாட்ரிட்டில் இருக்கிறார்கள், ஆட்டைப் பறிகொடுப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காபியை வைத்துவிட்டு, உள்ளே போய் இன்னும் ஒரு துண்டு பாலாடைக்கட்டி கொண்டு வந்து என் தட்டில் வைத்தார். காசு வாங்கவில்லை.