செட்டிநாட்டு வீட்டுப் பழம்பொருள்கள்

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாட்டு ஊர்களின் பெரிய வீடுகளில் மூன்று நான்கு தலைமுறைகளாகச் சேர்ந்து, பூட்டிய அறைகளில் பெரும்பாலும் உபயோகமின்றிக் கிடந்து, பாகப்பிரிவினையின்போதோ வீடு இடிபடும்போதோ வெளியே வந்து விலைபோகும் பாத்திரங்கள், படங்கள், மரவேலைப்பாடுகள் முதலிய பிதிரார்ஜித வஸ்துக்களை இப்பெயர் குறிக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு இவற்றின் சந்தையாகப் பிரசித்தி பெற்றது.

இவ்வூர்களின் வணிகக் குடியினரான நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா முதலிய தேசங்களில் லேவாதேவி நடத்திப் பெருஞ்செல்வம் ஈட்டிய காலத்தில், பர்மாத் தேக்கும், பெல்ஜியம் கண்ணாடியும், ஐரோப்பிய எனாமல் பாத்திரங்களும் கப்பலேறி இங்கு வந்தன. பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் சாமான்களை டஜன் கணக்கில் கொடுப்பது சம்பிரதாயமாதலால், அடுப்பையே காணாத அண்டாக்கள் வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றிய அறைகளில் அடுக்கடுக்காக நின்றன. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும், சுதந்தரம் பெற்ற பர்மா 1948-ல் விளைநிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் இயற்றியதும் அச்செல்வத்தின் ஊற்றுக்கண்ணை அடைத்தன. பங்காளிகள் பெருகி, ஓடு மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதே வழக்காகிவிட்ட வீடுகளில், தூண்கள் கன அடிக் கணக்கிலும் பித்தளை நிறைக் கணக்கிலும் விற்கப்பட்டன. எவர்சில்வர் மோகம் பரவிய நாளில், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய வெண்கல உருளி சில புதுக் குடங்களுக்கு ஈடாகப் பழைய பாத்திரக்காரரிடம் போய்ச் சேர்ந்ததை, பரிதாபம் என்பதன்றி வேறென்ன சொல்வது!

ஒரு பொருள் பழையது என்பதனாலேயே விலையுயர்ந்ததாகிவிடாது. அது எங்கே, எப்போது, யாருக்காகச் செய்யப்பட்டது என்பதற்கு அதன் மேலேயே அமைந்துள்ள சாட்சியங்கள்தாம் மதிப்பை நிர்ணயிக்கின்றன. எனாமல் தூக்கையோ தட்டையோ கவிழ்த்துப் பார்த்தால், அடிப்புறத்தில் சுவீடன், ஆஸ்திரியா, ஜப்பான் என்றிவ்வாறு ஏதேனும் ஒரு நாட்டின் பெயரைத் தாங்கிய முத்திரை தென்படுவதுண்டு. செக்கோஸ்லோவாக்கியா என்றிருக்குமாயின் அது 1918-க்கு முற்பட்டதாக இருக்க வழியில்லை. அந்நாடே அவ்வாண்டில்தான் பிறந்தது. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் பொறித்திருப்பின், உலகப் போரில் தோற்ற ஜப்பான் அந்நியப் படைகளின் ஆளுகையிலிருந்த, 1952-ல் முடிவுற்ற அச்சில ஆண்டுகளின் சரக்கென்று துணிந்து சொல்லலாம்.

உலோகப் பாத்திரங்களில் இவ்வேலையைச் செய்வது, விளிம்பை ஒட்டி உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டும் வழக்கமாகும். குடும்பத்தின் விலாசம், சில வேளைகளில் ஆண்டு, ஊர் ஆகியவையும் அதில் கிடைக்கும். தம் வீட்டுப் பெயர் கடைத்தெருவில் கிடப்பது மானக்குறைவு என்றெண்ணி அதைத் தேய்த்துவிட்டு விற்பவர், பாத்திரத்தின் சரித்திரத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறார்.

படங்களுள் முதன்மையானவை ரவிவர்மா படங்கள் என வழங்கும் வண்ணக் கல்லச்சுப் பிரதிகள். கிளிமானூரிற் பிறந்த ஓவியர் ராஜா ரவிவர்மா (1848–1906), அரண்மனைகளுக்கென எழுதிய தம் சித்திரங்கள் சாமானிய ஜனங்களின் வீட்டிற்கும் சென்று சேரவேண்டும் என்னும் நோக்கத்துடன், 1894-ல் பம்பாயில் ஓர் அச்சகத்தை ஸ்தாபித்து, ஜெர்மானியத் தொழில்நுட்பர்களை அமர்த்தினார். வண்ணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்லாகப் பல கற்களில் சித்திரத்தைப் பிரித்தெழுதி, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அவற்றைப் பதிப்பது அம்முறையாகும். அச்சகம் பின்னர் லோனாவாலாவை அடுத்த மளவ்லிக்கு மாறி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்ஸ் ஷ்லைஷர் என்னும் ஜெர்மானியர் வசமாயிற்று. லக்ஷ்மியும் சரஸ்வதியும் செட்டிநாட்டுச் சுவர்களில் ஏறியதோடு நிற்கவில்லை. படத்திலுள்ள தேவியின் சேலைமேல் சரிகைத் துணியையும் சமிக்கியையும் மணிகளையும் வீட்டுப் பெண்டிர் ஒட்டி, அச்சுப் படத்தை அவ்வீட்டுக்கே உரிய தனிப்படமாக்கினர். ஒரே அச்சில் எத்தனையோ பிரதிகள் வந்திருக்க, அலங்கரித்த படம் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. எம் அபிப்பிராயத்தில் அதுவே மேலானது.

பூதக்கண்ணாடி கொண்டு நோக்கினால் கல்லச்சில் வண்ணம் ஒழுங்கற்ற பொடிப்புள்ளிகளாகத் தெரியும். பிற்கால ஆப்செட் பிரதியிலோ புள்ளிகள் வலைபோல் ஒரே ஒழுங்கில் நிற்கும். படத்தின் கீழோரத்தில் அச்சகத்தின் பெயர் இருப்பது பெருஞ்சான்று. ஆனால் சட்டத்துக்கு அடங்கவில்லையென்று அவ்வோரத்தைக் கத்தரித்துவிட்ட படங்களே மிகுதி.

செல்லும் இராமபாணப் பூச்சியும் செய்யும் சேதத்தைவிட நல்லெண்ணத்தால் விளையும் சேதம் பெரிது. பலாப்பலகையில் துணி பரப்பி, சுதை வேலையின்மேல் பொன்தகடு ஒட்டிய தஞ்சாவூர்ப் படத்திற்குப் புது வண்ணம் தீட்டுவதும், வெண்கலத்தை இயந்திரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்குவதும், தேக்குக் கதவுக்கு எனாமல் பெயிண்ட் அடிப்பதும், பொருளைப் புதிதாக்கி அதன் விலையைப் பாதியாக்குவனவாம்.

இச்சந்தையை ஒட்டி மோசடிகளும் வளர்ந்துள்ளன. ராமர் பட்டாபிஷேகமும் 1616, 1818 போன்ற ஆண்டுகளும் பொறித்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரில் உலவும் செப்புக்காசுகளைக் கம்பெனி ஒருபோதும் வெளியிட்டதில்லை. அரிசியைத் தன்பால் இழுக்கும் மாயச் செம்பு என்று கதைகட்டி லட்சங்களைப் பறிக்கும் வித்தையும் அத்தகையதே.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி, நூறாண்டு நிறைந்த கலைப்பொருள்களும், எழுபத்தைந்தாண்டு நிறைந்த சரித்திர அல்லது இலக்கிய மதிப்புடைய கையெழுத்துப் பிரதிகளும் தொல்பொருள்களாகும். தனியார் எவரும் அவற்றை வெளிநாட்டிற்கு ஏற்றுமதி செய்யலாகாது. சிற்பம், ஓவியம் போன்ற சில வகைகளைப் பதிவு செய்தலும் கடமை. தந்தப் பொருள்களின் விற்பனையை வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. மண்ணில் புதைந்து கிடந்தவற்றுக்கு 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் பொருந்தும்: பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எதுவும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்படவேண்டும். நூறாண்டுக்குள் தாமோ தம் முன்னோரோ அதைப் புதைத்தனர் என எவரும் உரிமை நாட்டாவிடில், வேறு உடன்படிக்கை இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்குரியவருக்குக் கால் பங்கும் சேரும். அரசு விரும்பினால் அதன் மூலப்பொருளின் மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்து அதைத் தானே எடுத்துக்கொள்ளலாம்.