இரு சக்கரத்திலிருந்து நான்கு சக்கரத்திற்கு: ஜான் சர்ட்டீஸ்

மோட்டார் சைக்கிள் பந்தயம், பார்முலா 1 கார் பந்தயம் ஆகிய இரண்டிலும் உலக வாகையர் பட்டம் வென்ற ஒரே வீரர் இங்கிலாந்தின் ஜான் சர்ட்டீஸ் (1934–2017) ஆவார்.

1956 முதல் 1960 வரை இத்தாலியின் எம்வி அகுஸ்டா மோட்டார் சைக்கிள்களில் 500 சிசி பிரிவில் நான்கு, 350 சிசி பிரிவில் மூன்று என ஏழு உலகப் பட்டங்களை வென்றார். அப்பந்தயங்களை விடாமலேயே 1960-இல் லோட்டஸ் அணிக்காகப் பார்முலா 1-இல் அறிமுகமானார்.

மோட்டார் சைக்கிளில் உடலைச் சாய்த்து வளைவைக் கடக்கலாம்; காரில் அது உதவாது. நான்கு டயர்களின் பிடிமானத்தை ஸ்டீயரிங், பிரேக், ஆக்சிலரேட்டர் வழியே உணர வேண்டும். சர்ட்டீஸ் தமது இரண்டாவது பந்தயமான பிரித்தானிய கிராண்ட் பிரீயிலேயே இரண்டாம் இடம் பெற்றார். எனினும் முதல் வெற்றி 1963-இல்தான், பெராரி காரில், ஜெர்மனியில் கிடைத்தது.

1964-இன் இறுதிப் பந்தயம் மெக்சிகோவில் நடந்தது. அணித் தோழர் லோரன்சோ பண்டினி வழிவிட, சர்ட்டீஸ் இரண்டாவதாக வந்தார். கிரகாம் ஹில்லை 40–39 என ஒரே புள்ளியில் முந்திப் பட்டம் வென்றார்.

இம்மாற்றம் எல்லோருக்கும் முழுமையாகக் கைகூடவில்லை. மோட்டார் சைக்கிளில் ஒன்பது உலகப் பட்டங்கள் வென்ற மைக் ஹெயில்வுட், சர்ட்டீஸ் தொடங்கிய அணியிலேயே சேர்ந்து 1972-இல் ஐரோப்பிய பார்முலா 2 பட்டம் பெற்றார். ஆனால் பார்முலா 1-இல் ஒரு பந்தயத்திலும் அவரால் வெல்ல முடியவில்லை.