தோலைக் கண்டு நோயறிந்த வரலாறு

மனித உடம்பில் எத்தனையோ உறுப்புகள் உள்ளே மறைந்திருக்க, தோல் ஒன்றே உலகறிய வெளியே நிற்கிறது. நுரையீரலில் தோன்றும் புற்றைக் காண எக்ஸ்ரே வேண்டும். வயிற்றில் தோன்றும் புற்றைக் காண உள்ளே குழாய் செலுத்த வேண்டும். தோலில் தோன்றும் புற்றைக் காணவோ கண்ணே போதும். ஆயினும் கண்ணெதிரே நிற்கும் அந்நோயைக் கண்டுகொள்ள மனிதகுலத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. அக்கண்ணின் வேலையை ஏற்றுக்கொள்ள இன்று கணிப்பொறி முன்வந்திருக்கிறது. இந்த நீண்ட வரலாற்றில் நாம் குடியேறி வாழும் மும்பை மாநகருக்குச் சிறப்பானதோர் இடம் உண்டு. அதனை நம் சங்கத்தின் ஆண்டு மலரில் எடுத்துரைப்பது பொருத்தமாகும்.

கதை லண்டன் மாநகரில் தொடங்குகிறது. அங்கே 1775-ஆம் ஆண்டில் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர் ஒரு நூல் வெளியிட்டார். புகைபோக்கிகளைத் துப்புரவு செய்யும் தொழிலில் சிறு வயதிலேயே இறக்கிவிடப்பட்ட ஏழைச் சிறுவர்கள், வளர்ந்து ஆளான பின் மறைவிடத் தோலில் புற்றுக்கு ஆளாவதை அவர் கண்டிருந்தார். அந்தப் புண்ணைப் பிற மருத்துவர்களும் பார்த்ததுண்டு. அதனை மேகநோய் என்று கருதி மருந்து கொடுத்தார்கள். பாட் ஒருவரே, 'இவன் செய்யும் தொழில் யாது?' என்ற வினாவைப் புண்ணோடு சேர்த்து எண்ணிப் பார்த்தார். தோலின் மடிப்புகளில் தங்கிய புகைக்கரியே நோய்க்குக் காரணம் என்று அறிவித்தார். ஒரு புற்றுக்கு வெளியிலிருந்து வரும் காரணம் உண்டென்று மருத்துவ உலகம் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட பாடம் அது.

நம் நாட்டில் அத்தகைய பாடம் காஷ்மீரத்தில் கிடைத்தது. அங்குள்ள மக்கள் கடுங்குளிருக்கு அஞ்சி, பிரம்புக்கூடை பின்னிய மண்சட்டியில் தணலிட்டு, நீண்ட அங்கிக்குள் வயிற்றோடும் தொடையோடும் சேர்த்து வைத்துக்கொள்வது வழக்கம். அதற்குக் காங்கிரி என்று பெயர். ஆண்டுக்கணக்கில் அச்சூடு பட்ட இடத்தில் தோல் கருத்துத் தடித்து, முடிவில் புற்றாகிறது. இதனை 1866-இல் எழுத்தில் வடித்தவர் எல்ம்ஸ்லி என்னும் ஸ்காட்லாந்து மருத்துவப் பாதிரியார். அவரும் புண்ணைப் பார்த்ததோடு நில்லாமல், மக்கள் வாழும் முறையையும் பார்த்தவர்.

இனி நம் மும்பைக்கு வருவோம். அன்றைய பம்பாயின் பரேல் பகுதியில் 1941-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் ஆய்வுக்கூடங்களுக்குத் தலைமை ஏற்றவர் டாக்டர் வசந்த் ராம்ஜி கானோல்கர். இந்திய நோய்க்குறி இயலின் தந்தை என்று போற்றப்படுபவர் அவர். தம் உடனாய்வாளருடன் சேர்ந்து 1945-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, மேலைநாட்டு மருத்துவ நூல்களில் அதுவரை இடம்பெறாத மூன்று வகைப் புற்றுகளை உலகுக்குக் காட்டியது. மூன்றும் மக்களின் பழக்கவழக்கங்களிலிருந்து பிறந்தவை. எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடிக்கும் ஆந்திரக் கடற்கரை மக்களின் அண்ணப் புற்று ஒன்று. புகையிலையைச் சுண்ணாம்புடன் கலந்து உதட்டுக்குள் அடக்கிக்கொள்வோரின் புற்று ஒன்று. மூன்றாவது, வேட்டிப் புற்று.

வேட்டிப் புற்று என்றதும் சிலருக்கு நகைப்பு எழலாம். நோயோ நகைப்புக்குரியதன்று. இடுப்பில் ஒரே இடத்தில், ஒரே இறுக்கத்தில், பல பத்தாண்டுகள் வேட்டியை வரிந்து கட்டும்போது, வேர்வையும் உராய்வும் கூடித் தோலை நாள்தோறும் நலிவிக்கின்றன. முதலில் அத்தடத்தின் நிறம் வெளிறும். பிறகு தோல் தடித்துச் செதிள் படியும். பின்னர் ஆறாத புண் தோன்றும். அப்புண்ணே சிலரிடம் புற்றாக மாறும். நம் பெண்மக்களும் இதற்கு விலக்கல்லர். சேலைக்குள் இறுக்கிக் கட்டும் பாவாடை நாடாவின் தடத்தில் இதே புற்று தோன்றுவது பிற்காலத்தில் அறியப்பட்டது. 2024-இல் கூட, இவ்வாறு துன்புற்ற முதிய பெண்மணிகள் இருவரைப் பற்றி மருத்துவ இதழ் ஒன்றில் நம் நாட்டு மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். நாடாவைத் தளர்த்திக் கட்டுவதே அவர்கள் சொன்ன எளிய காப்பு.

கானோல்கர் புற்றுநோயோடு தொழுநோயையும் ஆராய்ந்தவர். தோலில் தோன்றும் சிறு தடத்தை அலட்சியம் செய்யலாகாது என்னும் பாடம் இரண்டு நோய்களுக்கும் பொதுவானது. அப்பாடத்தை வீடுவீடாகக் கொண்டுசென்ற பணி ஒன்று நம் சுனாபட்டியிலேயே வேரூன்றியது. டாக்டர் ஆர். கணபதி அவர்கள் 1976-இல் தொடங்கிய பம்பாய் தொழுநோய்த் திட்டத்தின் நிலையம் சயான்–சுனாபட்டிப் பகுதியில்தான் அமைந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர் தோல் பதனிடும் தொழிலை வளர்த்த தாராவியின் சந்துகளில் அத்திட்டத்தின் ஊழியர்கள் நுழைந்து, குடிசை குடிசையாக மக்களின் மேனியைச் சோதித்தார்கள். தொழுநோய் ஊழியர் வெளிறிய தடத்தைக் கண்ணால் காண்பதோடு அமைவதில்லை. அதன்மேல் மெல்லத் தொட்டு, 'உணர்ச்சி தெரிகிறதா?' என்று கேட்பார். தேமலா தொழுநோயா என்பதை அந்த ஒரு கேள்வி பெரும்பாலும் பிரித்துக் காட்டிவிடும். தொழுநோயால் உணர்ச்சி இழந்த உள்ளங்காலில் ஆண்டுக்கணக்கில் ஆறாது கிடக்கும் புண், அரிதாகப் புற்றாக மாறுவதும் உண்டு.

இவ்வளவும் மனிதக் கண்ணின் கதை. இனிக் கணிப்பொறியின் கதையைக் காண்போம். கணிப்பொறிக்குப் படம் என்பது எண்களின் வரிசை. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் ஒளியையும் அது எண்ணாகக் கொள்கிறது. அவ்வெண்களைப் பல அடுக்குச் சல்லடைகளில் சலித்து, முதலில் விளிம்புகளையும், பிறகு வடிவங்களையும், முடிவில் முழு உருவத்தையும் பிரித்தறிகிறது. ஒரு படத்தைக் காட்டி, 'இது மச்சமா, புற்றா?' என்று கேட்டால், தொடக்கத்தில் அது குருட்டாம்போக்கில் விடை சொல்லும். விடை பிழையானால், உள்ளேயுள்ள எண்களைச் சிறிதளவு திருத்திக்கொள்ளும். இவ்வாறு ஆயிரமாயிரம் படங்களைக் கண்டு அது தேர்ச்சி பெறுகிறது.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தினர் 2017-இல் இவ்வழியில் பெரும் வெற்றி கண்டனர். 2,032 தோல்நோய்களைச் சார்ந்த 1,29,450 படங்களை அவர்கள் கணிப்பொறிக்குக் கற்பித்தனர். பின்னர் 21 தோல்நோய் மருத்துவர்களோடு அதனைப் போட்டியிடச் செய்தபோது, சதைத் துணுக்குச் சோதனையால் உறுதிசெய்யப்பட்ட படங்களில் புற்றை இனம் காண்பதில் அது அம்மருத்துவர்களுக்கு இணையாக நின்றது. உலகமே வியந்தது.

வியப்போடு ஓர் எச்சரிக்கையும் வந்தது. அடுத்த ஆண்டிலேயே அத்தகைய பொறியின் குறை ஒன்றை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். படத்தில் அளவுகோல் தெரிந்தால், அத்தோலைப் புற்றென்று சொல்லப் பொறி சாய்ந்தது! ஐயத்துக்குரிய கட்டியின் அருகில்தான் மருத்துவர்கள் அளவுகோல் வைத்துப் படம் எடுப்பார்கள். அளவுகோலும் புற்றும் அடிக்கடி சேர்ந்து வந்தமையால், பொறி அளவுகோலையே நோயின் அடையாளமாகக் கற்றுக்கொண்டது. அன்பர்கள் இதனை வேட்டிப் புற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கானோல்கரும் புண்ணின் அருகே ஒரு கோட்டைக் கண்டார். அது வேட்டியின் தடம். பொறியும் புண்ணின் அருகே ஒரு கோட்டைக் கண்டது, அது அளவுகோல். முன்னது நோயின் காரணம். பின்னது படம் எடுத்தவர் வைத்த பொருள். இரண்டையும் வேறுபடுத்துவது, 'இது ஏன் இங்கே இருக்கிறது?' என்ற கேள்வி. கானோல்கர் அதனைக் கேட்டார். பொறிக்கு அதனைக் கேட்கத் தெரியவில்லை.

நம்மவர் சிந்திக்க வேண்டிய குறை இன்னொன்றும் உண்டு. தோலின் நிறத்தை ஆறு வகையாகப் பகுப்பது தோல் மருத்துவ மரபு. பொறிகளுக்குக் கற்பிப்பதற்காகப் பொதுவில் கிடைக்கும் 21 படத்தொகுப்புகளை ஆராய்ந்து 2021-இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. அவற்றில் இருந்த படங்கள் 1,06,950. தோலின் நிறவகை குறிக்கப்பட்டிருந்த படங்களோ வெறும் 2,436. அவற்றுள் பழுப்புத் தோலுக்குரிய ஐந்தாம் வகையில் 10 படங்களும், கருந்தோலுக்குரிய ஆறாம் வகையில் ஒரே ஒரு படமுமே இருந்தன. 2022-இல் ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, வெள்ளைத் தோலில் நன்கு வேலை செய்த பொறிகள் கருந்தோலில் தடுமாறுவதை மெய்ப்பித்தது. காணாததை எவ்வாறு அறியும்?

வெள்ளையரிடம் மெலனோமா என்னும் கருநிறப் புற்று பெரும்பாலும் வெயில் படும் முதுகிலும் காலிலும் தோன்றும். கருநிறத்தாரிடம் தோல் புற்று குறைவு. ஆனால் தோன்றும் கருநிறப் புற்று பெரும்பாலும் உள்ளங்காலிலும், உள்ளங்கையிலும், நகத்தின் அடியிலும் ஒளிந்திருக்கும். ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லி 1981-இல் மாண்டது, கால் விரல் நகத்தின் கீழ்த் தோன்றிய இத்தகைய புற்றினால்தான். உள்ளங்காலை யார் நோக்குகிறார்கள்? முள் குத்தியது என்றும், செருப்புக் கடித்தது என்றும் விட்டுவிடுகிறோம். நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரி வாயிலை மிதிக்கிறோம்.

எனினும் மனம் தளர வேண்டுவதில்லை. பிரேசில் நாட்டினர் 2022-இல் தொழுநோயை இனம் காணும் பொறி ஒன்றைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் படத்தை மட்டும் நம்பாமல், அத்தடத்தில் வெப்பம் தெரிகிறதா, காலில் மரமரப்பு உண்டா என்பன போன்ற விவரங்களையும் பொறிக்குக் கொடுத்தார்கள். அவ்விவரங்கள் நோயை இனம் காண்பதற்கு மிகவும் உதவின. தாராவியின் குடிசை வாயிலில் நின்று ஊழியர் கேட்ட கேள்விக்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை. நல்ல பார்வை என்பது படமும் கேள்வியும் சேர்ந்ததே என்பதைப் பழைய மருத்துவரும் புதிய பொறியும் ஒருங்கே உணர்த்துகின்றனர்.

ஆதலின் நம் குடும்பங்கள் செய்யத் தக்கவை யாவை? திங்களுக்கு ஒருமுறை நம் மேனியையும், வீட்டு முதியோரின் மேனியையும் நல்ல வெளிச்சத்தில் பார்ப்போம். உள்ளங்கால், நகக்கண், இடுப்புத் தடம், பழைய தீப்புண் தழும்பு ஆகியவற்றை மறவாமல் பார்ப்போம். மச்சம் ஒருபுறம் சாய்ந்து வளர்ந்தாலும், விளிம்பு கந்தலானாலும், பல நிறம் காட்டினாலும், 6 மில்லிமீட்டருக்கு மேல் பெருத்தாலும், நாளுக்கு நாள் மாறினாலும் ஐயம் கொள்வோம். ஒரு மாதம் கடந்தும் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டுவோம். சயான் மருத்துவமனையும் பரேலின் டாட்டா மருத்துவமனையும் நமக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன. கைத்தொலைபேசிப் பொறி 'அஞ்ச வேண்டாம்' என்று சொன்னாலும், இறுதித் தீர்ப்பு சதைத் துணுக்குச் சோதனையிலேயே உள்ளது என்பதை நினைவில் கொள்வோம்.

இன்னொரு கடமையும் உண்டு. நம் இளைஞர் பலர் இன்று கணிப்பொறித் துறையிலும் மருத்துவத் துறையிலும் பணிபுரிகின்றனர். நம் நிறத்தாரின் படங்களை, உரியவர் மனமார இசைந்த பின், முறையாகத் தொகுத்து அப்பொறிகளுக்குக் கற்பிக்கும் பணியில் அவர்கள் ஈடுபட வேண்டும். மேலைநாட்டு நூலில் இல்லாத வேட்டிப் புற்றை, 1945-இல் பரேலில் ஒருவர் எழுதிச் சேர்த்தார். அந்நூலில் இன்னும் எழுதப்படாத பக்கங்கள் நம் மக்களின் மேனியிலேயே இருக்கின்றன. அவற்றை எழுதும் பொறுப்பு நம்முடையது.