மயிலை காவலன் நந்தி

மூன்றாம் நந்திவர்ம பல்லவனைத் தமிழுக்காக உயிர் நீத்த மன்னன் என்றே பலரும் அறிவர். அரசுரிமையை விரும்பிய தம்பி, அறம் வைத்து நந்திக் கலம்பகத்தைப் பாடினான். தமிழ்ச் சுவையில் தோய்ந்த வேந்தன் பந்தல்தோறும் அமர்ந்து கேட்டு, நூறாம் பாட்டில் ஈமப் பந்தலிலேயே எரிந்தான் என்பது கதை. உருக்கமான கதைதான். ஆயினும் அது ஒரு குடும்பத்தின்மேல் கொலைப்பழியையும், ஓர் அரிய நூலின்மேல் நஞ்சையும் ஏற்றிவிட்டது. செப்பேடுகளும் கல்வெட்டுகளும் காட்டும் நந்தி வேறு.

நந்தியின் தந்தை தந்திவர்மன். அவனது 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் உள்ளது. அடகுபோன கோயில் நிலத்தை மீட்டு, குறைந்துபோன அமுதுபடியை மீண்டும் நிறைவாக்கிய செய்தியை அது கூறும். தாய் அக்களநிம்மதி, கடம்பர் குலத்து இளவரசி. அவள் பெயரைத் தருவது நந்தியின் 6ஆம் ஆட்சியாண்டில் எழுந்த வேலூர்ப்பாளையம் செப்பேடு. புழற் கோட்டத்துத் திருக்காட்டுப்பள்ளியைச் சிவன் கோயிலுக்கு அளித்தமையும் அதில் உண்டு. அக்கொடைக்காக மன்னனிடம் விண்ணப்பித்தவன் குமாராங்குசன் என்னும் சோழன். பின்னாளில் பல்லவரை வீழ்த்திய சோழர், அன்று பல்லவர்க்கு அடங்கியிருந்தனர்.

கி.பி. 846 அளவில் அரியணை ஏறிய நந்தி, வந்தவாசியை அடுத்த தெள்ளாற்றில் பகைவரை வென்றான். ‘தெள்ளாற்றெறிந்த’ என்னும் அடைமொழி அவன் பெயரோடு கல்லில் நிலைத்தது. பாரதம் பாடிய பெருந்தேவனாரும் அவ்வெற்றியைப் போற்றுகின்றார். தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தை ‘அவனிநாரணம்’ என்கிறது. அவனிநாரணன் என்பது நந்தியின் விருதுப்பெயர். மல்லையும் மயிலையும் ஆண்டவனின் பெயர் கடல் கடந்து ஒலித்திருக்கிறது.

அவன் தேவியருள் சங்கா இராட்டிரகூடர் குலத்தவள். மற்றொரு தேவி மாறன்பாவை. கோயிற் கொடைகளால் கல்வெட்டுகளில் இடம் பெற்றவள். சங்காவின் மகன் நிருபதுங்கன். இராட்டிரகூட வேந்தன் அமோகவர்ஷனும் அதே பெயரைப் பூண்டிருந்தான். தாய்வழி உறவு மகனின் பெயரிலேயே நிற்கிறது. நிருபதுங்கன் அரிசிலாற்றங்கரையில் பாண்டியரை வென்றான். பாகூர்க் கல்விநிலையத்துக்கு 3 ஊர்களை அளித்தான்.

இங்கேதான் கதை தடுமாறுகிறது. நந்திக்குப் பின் முடி சூடியவன் தம்பியல்லன், மகன். தீப்பாய்ந்த செய்தியை எந்தச் செப்பேடும் சொல்லவில்லை. பாட்டியல் நூல்கள் அரசர் கலம்பகத்துக்கு 90 பாட்டுகளையே வகுத்திருக்க, கதையோ 100 என்கிறது. பாடியவர் பெயர் தெரியாத வெற்றிடத்தில் தம்பி ஒருவன் வந்து குடியேறினான் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

கவிதைக்குக் கொல்லும் ஆற்றல் உண்டு என்று நம்புவதில் புலவர்க்கு ஒரு பெருமிதம் இருக்கலாம். ஆனால் நந்திக் கலம்பகம் செய்தது அதற்கு நேர்மாறானது. நிருபதுங்கனுக்குப் பின் ஒரு தலைமுறைக்குள் அபராசிதனோடு பல்லவர் ஆட்சி முடிந்தது. காஞ்சியும் மல்லையும் கைமாறின. செப்பேடுகள் மண்ணுக்குள் உறங்கிய நூற்றாண்டுகளிலும், நந்தியை மயிலை காவலனாக நாவில் வைத்துக் காத்தது அந்தப் பெயரறியாப் புலவரின் பாட்டு. அவன் உயிரைப் பாட்டு கவரவில்லை. ஓராயிரம் ஆண்டுக்கும் மேலாக அவனை வாழவைத்திருக்கிறது.