பெருமூளை வாதம்: குழந்தைகளுக்கு எந்த பிசியோதெரபி பலன் தரும்?

பிசியோதெரபி என்றதும், யாரோ ஒருவர் குழந்தையின் கை கால்களை நீட்டி மடக்கி விடுவதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். செரிப்ரல் பால்சி எனப்படும் பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்கு அது மட்டும் போதுமா? போதாது என்கின்றன ஆய்வுகள்.

பெருமூளை வாதம் என்றால் என்ன?

வளரும் மூளையில், பிறப்பதற்கு முன்போ பிறந்த சில காலத்திலோ ஏற்படும் பாதிப்பு இது. அந்தப் பாதிப்பு நாளாக ஆக அதிகரிக்காது. ஆனால் குழந்தை வளர வளர தசைகள் இறுகலாம், இடுப்பு மூட்டு விலகலாம்.

எல்லா குழந்தைக்கும் ஒரே மாதிரியா?

இல்லை. ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற அளவுகோல் இவர்களை 5 நிலைகளாகப் பிரிக்கிறது. நிலை 1 குழந்தை தானாக நடக்கும், ஓடும். நிலை 5 குழந்தைக்குத் தலையை நிமிர்த்தி வைப்பதே சிரமம். சிகிச்சையின் இலக்கு இதைப் பொறுத்தே மாறும்.

சீக்கிரம் தொடங்கச் சொல்வது ஏன்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 657 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002-ல் வெளியானது. தங்களால் எட்டக்கூடிய இயக்கத் திறனில் 90 சதவீதத்தை, நிலை 1 குழந்தைகள் சுமார் 5 வயதிலும் நிலை 5 குழந்தைகள் 3 வயதுக்கு முன்பும் எட்டிவிடுகிறார்கள் என்றது அது. 'கொஞ்சம் லேட்டா நடப்பான், விடுங்க' என்று காத்திருப்பதில் இழப்பது இந்தக் காலத்தைத்தான்.

ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, 4 மாதமாகியும் தலை நிற்காதது போன்றவை தெரிந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ஐந்து வயதைத் தாண்டிவிட்டால் சிகிச்சை வீண் என்று அர்த்தமில்லை. பெற்ற திறனைத் தக்கவைக்கவும் மூட்டுகளைக் காக்கவும் அது தேவை.

எது பலன் தருகிறது?

குழந்தை தானே முயன்று, நிஜ வாழ்க்கை வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி. உதாரணமாக, ஸ்டூலில் இருந்து எழுந்து அலமாரியில் உள்ள பொம்மையை எடுப்பது. ஒரு பக்கம் பாதித்த குழந்தைக்கு, நன்றாக இயங்கும் கையில் உறை மாட்டி, மற்ற கைக்கு வேலை கொடுப்பதும் உதவுகிறது.

மற்றவர் கையால் சில நிமிடம் இழுத்து விடுவதால் மட்டும் பெரிய மாற்றம் வருவதில்லை. இறுகிய தசையை நீட்ட, மாவுக்கட்டு போட்டுப் படிப்படியாக மாற்றும் முறை உண்டு. வீட்டில் தினமும் தொடரும் பயிற்சியும் பலன் தரும். ஆனால் அது தெரபிஸ்ட் குழந்தைக்கேற்பத் திட்டமிட்டுத் தந்ததாக இருக்க வேண்டும்.

எங்கே போவது?

2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தின் கீழ், மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அங்கே சிகிச்சை இலவசம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பெருமூளை வாதத்தை அங்கீகரிக்கிறது. மத்திய அரசின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபி செலவும் இதில் அடங்கும்.

தெரபிஸ்ட்டிடம் என்ன கேட்கலாம்?

மூன்று கேள்விகள்: என் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது? அடுத்த 3 மாதத்தில் எந்த ஒரு வேலையைத் தானாகச் செய்ய வேண்டும்? இடுப்பு எக்ஸ்ரே எப்போது எடுக்க வேண்டும்? தெளிவான பதில் வந்தால், சிகிச்சை எதை நோக்கிப் போகிறது என்பது உங்களுக்கும் புரியும்.