தலித் திருநங்கையர்: இரு அடையாளங்களும் இடஒதுக்கீடும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) உள்ளன. குடவோலைத் தேர்தலுக்குச் சான்றாகப் பாடநூல்கள் இவற்றைப் போற்றுகின்றன. ஆனால் ஓலையில் பெயர் ஏற இறை செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35 முதல் 70 வரை வயது ஆகியவை வேண்டும். அது சதுர்வேதிமங்கலத்துப் பிராமணர் சபை. அவ்வூர் நிலத்தை உழுதவர் பெயர் குடத்துக்குள் விழவில்லை.

இன்று அதே வட்டத்தில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் தலித் திருநங்கைக்கும் எந்தப் பட்டியலில் தன் பெயர் ஏறும் என்பதுதான் முதல் கேள்வி. சாதிச் சான்றிதழ் வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைக்கும். 2019 சட்டத்தின்படி திருநர் அடையாளச் சான்றிதழை மாவட்ட ஆட்சியர் தர வேண்டும். முன்னதற்குப் பெற்றோரின் ஆவணங்கள் தேவை. பதின்வயதில் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர் அவற்றுக்கு எங்கே போவார்?

தமிழ்நாடு 2008இல் நாட்டிலேயே முதலாவதாகத் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் (நால்சா வழக்கு) மூன்றாம் பாலினத்தை ஏற்று, இடஒதுக்கீடும் வழங்கச் சொன்னது. அதையொட்டி 2015இல் மாநில அரசு திருநங்கையரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. கோளாறு இங்கேதான் தொடங்கியது. பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கை தன் சாதியின் 18 விழுக்காட்டுக்குள் நின்றால் பாலினத்துக்கென ஒன்றும் இல்லை. பாலினத்தைச் சொன்னால் சாதி மறைந்துவிடும்.

இந்த இரண்டும் ஓர் உடலில் ஒன்றாகவே இருப்பவை. தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்த கிரேஸ் பானு, பள்ளிக்கு மற்றவர்கள் வந்த பின் வந்து அவர்களுக்கு முன்பே போகவேண்டியிருந்ததைப் பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். பின்னர் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த அவர், திருநருக்குத் தனி ஒதுக்கீடு கேட்டுப் போராடுகிறார். 'நான் வித்யா' எழுதிய லிவிங் ஸ்மைல் வித்யாவோ, மலம் அள்ளுவதைத் தலித்துகளின் தொழிலாகவும் பிச்சையைத் திருநங்கையரின் தொழிலாகவும் விதிப்பது ஒரே ஏற்பாடுதான் என்று வாதிட்டவர்.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. 1976இல் ஜெனரல் மோட்டார்ஸ் மீது அவர்கள் தொடுத்த வழக்கில், இனப் பாகுபாடா, பாலினப் பாகுபாடா என ஒன்றைச் சொல்லலாம், இரண்டையும் சேர்க்க முடியாது என்றது நீதிமன்றம். மறு ஆண்டே பாஸ்டனில் கறுப்பின லெஸ்பியன் பெண்கள் நடத்திய காம்பாஹி ரிவர் குழு, ஒடுக்குமுறைகள் பின்னிப்பிணைந்தவை என அறிக்கை வெளியிட்டது. கறுஞ்சிறுத்தைகளின் பெயரைப் பின்பற்றி பம்பாயில் 1972இல் தலித் சிறுத்தைகள் தோன்றியது பலரும் அறிந்தது; அந்த உறவில் இந்தப் பெண்களின் பங்கு மட்டும் அதிகம் பேசப்படுவதில்லை.

கிரேஸ் பானு போன்றோர் கேட்பது கிடைமட்ட இடஒதுக்கீடு. தமிழக அரசு வேலைகளில் பெண்களுக்கான ஒதுக்கீடு அவ்வாறே ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் கணக்கிடப்படுகிறது. எனவே இது புதிய கண்டுபிடிப்பு அல்ல, இருக்கும் முறையைத் திருநருக்கும் நீட்டுவதுதான். கர்நாடகம் 2021இல் 1 விழுக்காடு அளித்தது. தமிழ்நாட்டில், செவிலியர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், பாலினத்தைச் சாதியைப்போலக் கருதிய 2015 ஆணையை ஏற்க மறுத்து, கிடைமட்ட ஒதுக்கீடு வழங்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது.