நேரம் கேட்கும் கணினியும் நமது அரை மணியும்

இப்போது நாம் யாரிடமும் மணி கேட்பதில்லை. நமது கணினியும் தொலைபேசியுமே இணையத்திலுள்ள நேரச் சேர்வரிடம் கேட்டுக்கொள்கின்றன. 48 பைட் அளவில் ஒரு சிறு கேள்வி போகும், பதில் வரும். போய்வந்த தாமதத்தையும் கழித்து மணிக்கூடு திருத்தப்படும். அமெரிக்கரான டேவிட் மில்ஸ் வகுத்த இம்முறை ஆவணமாக வெளியானது 1985இல்.

ஆனால் அந்தப் பதிலில் இருப்பது உலகப் பொது நேரம் மட்டுமே. 1900 ஜனவரி 1 முதல் கடந்த செக்கன்களின் கணக்கு அது. இலங்கைக்கு எவ்வளவு கூட்டுவது என்பதைச் சேர்வர் சொல்லாது; நமது கருவிதான் வைத்திருக்க வேண்டும்.

நாமோ அந்தக் கணக்கைப் பத்து வருடங்களில் மூன்று தடவை மாற்றினோம்! 1996 மே மாதம், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, ஐந்தரையை ஆறரையாக்கினோம். ஒக்டோபரில் ஆறு. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே நின்றன. ஒரே சின்னத் தீவு, சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு மணி, அந்தப் பக்கம் இன்னொரு மணி. தொழுகை நேர அட்டவணையைக் கையில் வைத்திருந்தாலும் எந்த நேரம் என்று கேட்க வேண்டிய காலம்.

2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்கு வந்தோம். ஆதர் சி. கிளார்க் அதை எதிர்த்தார். ஆறு என்று பதிந்திருந்த கணினி, சேர்வரிடம் எத்தனை தடவை கேட்டாலும் சரியான பதிலைப் பெற்றுக்கொண்டே அரை மணி முந்திக் காட்டும். பழைய கணினி வைத்திருப்போர் நேர வலய அமைப்பை ஒருக்கால் பாருங்கள்.